செம்பனை நுழையாத வீடு

திங்கட்கிழமை காலை ஒன்பதே கால். சுகாதார இலாகா அதிகாரி தினேஸ்வரி ஏலக்காய் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சோதனைக்கு அங்கிள். டிரான்ஸ் கொழுப்புக்கு இப்ப சட்டத்துல வரம்பு இருக்கு."

வீட்டோடு பிஸ்கட் கடை வைத்திருந்த செபாஸ்டியன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். எண்ணெயை ஆலையில் கெட்டியாக்கும்போது உண்டாவது அது. இதயக் குழாயை அடைக்கும். பழைய வகை வனஸ்பதியில் நிறைய உண்டு. வரம்பைத் தாண்டினால் விற்க முடியாது.

அவர் பார்வை அலமாரிக்குப் போனது. அங்கே வனஸ்பதி டின் இருந்தது. கடை தொடங்கிய நாளிலிருந்து அதே டின். காலியானால் அவர் மனைவி கெர்ட்ரூட் நிரப்பி வைப்பாள். சாமான் வாங்குவது அவள் வேலை, அடுப்பு அவருடையது.

"செம்பனைக் கொழுப்புக்கு மாறிடுங்க, பாமாயில்லேருந்து எடுக்கறது. அது இயற்கையாவே கெட்டி. இந்தப் பிரச்சின வராது லா."

சுங்கை சிப்புட் பக்கம் அவர் பிறந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்றிலிருந்து செம்பனை அவர் வாசலைத் தாண்டியதில்லை. ஈப்போவுக்கு வந்த பிறகும் அப்பளம் தேங்காயெண்ணெயில்தான் பொரிந்தது.

அவருக்கே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருக்கிறது. டாக்டர் கெர்ட்ரூட்டைத் தனியாகக் கூப்பிட்டு நிறையச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து கொஞ்சம்தான் சொன்னாள்.

தினேஸ்வரி போனதும் கெர்ட்ரூட் சொன்னாள்.

"பழைய டின்ல இருக்கறதையே போடுங்க. ஒண்ணும் ஆகாது."

"சட்டத்த மீறச் சொல்றியா?"

அவள் மாவு சலிக்கப் போய்விட்டாள்.

அவர் டின்னைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார். வெண்ணெய் போட்டுப் பார்த்தார். பிஸ்கட்டெல்லாம் உருகி ஓடி ஒரே தகடாக வந்தது. சுத்தியலால் உடைக்க வேண்டியிருந்தது. பிறகு தேங்காயெண்ணெய். பக்கத்து வீட்டு விவியன் முகர்ந்து பார்த்தாள்.

"இத திங்கணுமா, தலைக்குத் தேய்க்கணுமா அங்கிள்?"

அடுத்து, ஏற்கெனவே விற்ற பொட்டலங்களின் நினைவு வந்தது. வீடுவீடாகப் போய்த் திரும்பக் கேட்டார். காரணம் கேட்டவர்களிடம் சட்டம் என்று சொல்லக் கூச்சம். எறும்பு என்றார். அவர் தெருக்கோடியை அடைவதற்குள் எறும்பு எலியாகிவிட்டது.

அன்று மாலையே தேவாலயத்திலிருந்து ஷார்மேன் போன் செய்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பூசை முடிந்ததும் எல்லார் கையிலும் செபாஸ்டியனின் பிஸ்கட் இருக்கும். இந்த வருடம் சோதனை முடிவைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. எலியும் இருந்தது.

அவர் சாப்பாட்டைக் குறைத்தார். கெர்ட்ரூட் மறுபடியும் அதையேதான் சொன்னாள்: பழைய டின்.

"நீ ஜெயிலுக்கு வந்து பாப்பியா?"

"பிஸ்கட் கொண்டு வருவேன்."

வெள்ளிக்கிழமை தினேஸ்வரி வந்தாள். அவர் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வரம்புக்கு ரொம்பக் கீழே அங்கிள். பெரிய கம்பெனிங்க இப்பத்தான் மாறுறாங்க. உங்க கைப்பக்குவத்த மெச்சணும்."

அவர் கட்டிய கைகளை அவிழ்த்தார். கெர்ட்ரூட் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை.

கெர்ட்ரூட் நம்பர் கொடுக்க, அங்கிருந்தே தினேஸ்வரி ஷார்மேனுக்குப் போன் செய்து முடிவைச் சொன்னாள். ஆர்டர் திரும்பி வந்தது. எலி செத்தது.

தினேஸ்வரி கிளம்பியதும் செபாஸ்டியன் கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை எடுத்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். ஈரத்துணியால் டின்னை மெல்லத் துடைத்தார். பிறகு காய்ந்த துணியால் துடைத்தார். அலமாரியில் அதன் இடத்தில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"அந்தக் காலத்து சரக்கு," என்றார். "சட்டமே தலை குனியுது பாத்தியா? நல்ல வேள, செம்பனைய நான் உள்ள விடல."

கெர்ட்ரூட் தலை நிமிராமல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

பின்வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மளிகைக்கடை ராஜுவின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது.

"அக்கா, செம்பனைக் கொழுப்பு கொண்டாந்திருக்கேன். எப்பவும் போல அந்தப் பழைய டின்லயே கொட்டிடவா? அண்ணே வெளிய போயிட்டாருதானே?"