பனிச்சப்பாத்தும் பரிந்துரைக் கடிதமும்

என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான், ஒருவர் சொன்னதை ஒரு சொல் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அப்போது நான் மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. அவசர சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது என் கனவு. (ஓடும் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நானும் ஓடுவதாகக் கனவு வரும். ஸ்ட்ரெச்சரில் யார் படுத்திருக்கிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.) அதற்கு வேறொரு நகரத்து ஆஸ்பத்திரியில் நான்கு கிழமை வேலை செய்து, அங்குள்ள பெரிய டொக்டரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் சடங்குதான். பெண் ஒரு பின்னேரம் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றால் போதும்; நாங்கள் நான்கு கிழமை நிற்க வேண்டும்.

டொராண்டோவில் வளர்ந்த நான், பிரெஞ்சு பேசும் மொன்ட்ரியாலைத் தெரிவு செய்தேன். காரணம், அங்கே மொன்ட்ரியால்-நோர் பகுதியில் சித்தி வீடு இருந்தது. சித்தியின் கணவாய்க் கறியும் இருந்தது. விண்ணப்பத்தில் ‘பிரெஞ்சு: சரளம்’ என்று எழுதியிருந்தேன். நூலகம் எங்கே இருக்கிறது என்று என்னால் சரளமாகக் கேட்க முடியும். யாராவது பதில் சொன்னால்தான் சிக்கல்.

பெரிய டொக்டரின் பெயர் மொரான். ஐந்தடி உயரம், நரைத்த குட்டை முடி, வீண்பேச்சுப் பிடிக்காது. மூன்று கிழமை முடிந்தும் அவருக்கு என் பெயர் நினைவில் நிற்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, நினைவில் நிற்கும்படி நான் எதையும் செய்திருக்கவில்லை. கடைசிக் கிழமையில் ஏதாவது செய்து காட்டாவிட்டால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் கனவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் கனகசபை அங்கிள் வந்தார். நெற்றியில் திருநீறு, நடுவில் சந்தனம், கழுத்தில் உருத்திராட்சம். கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். கோயிலில் பால் செம்பைக் கையில் கொடுக்க, கை நடுங்கிப் பால் முழுவதும் ஐயரின் காலில் ஊற்றுப்பட்டுவிட்டதாம். அவர் மனைவி, அதாவது அன்ரி, அந்தக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தமிழ் நோயாளி, தமிழ் மாணவன். முருகனே அனுப்பிவைத்தான் என்று நினைத்தேன்.

நோயாளியிடம் வரலாறு கேட்பது மாணவனின் வேலை. ஆனால் முதல் பத்து நிமிடம் அன்ரி என்னுடைய வரலாற்றைக் கேட்டார்.

“தம்பி ஆரின்ரை மகன்? ஊரிலை எந்தப் பக்கம்? கலியாணம் முடிஞ்சுதோ?”

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டு, என் பட்டியலைக் கையில் எடுத்தேன். காய்ச்சல், தலையிடி, சலரோகம், எல்லாம் ஒழுங்காகக் கேட்டேன். அடுத்த வரியில் ‘மது’ என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். திருநீறு, சந்தனம், உருத்திராட்சம், பக்கத்தில் அன்ரி.

எங்கள் ஆட்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. பிறந்தநாள் விழாக்களில் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழும்பி “காரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்” என்று வெளியே போவார்கள். உள்ளே வரும்போது பாட்டுப் பாடும் மனநிலையில் இருப்பார்கள். காருக்கு என்ன பழுது என்று நாங்கள் கேட்டதில்லை. அப்படி வளர்ந்த நான், அப்பா வயதுடைய ஒரு கோயில்காரரிடம் எந்த வாயால் கேட்பேன்? கேட்கவில்லை. ‘இல்லை’ என்று நானே அடையாளம் போட்டுவிட்டேன்.

டொக்டர் மொரானிடம் போய், விரதம், பட்டினி, அதனால் இரத்தத்தில் சீனி குறைவு, அதனால் நடுக்கம் என்று ஐந்து நிமிடம் அழகாக ஒப்புவித்தேன். தாதி விரலில் குத்திப் பார்த்தார். சீனி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“குடிப்பாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் மொரான்.

“இல்லை.”

“அவர் சொன்னாரா?”

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனார். “இப்போது என் முன்னால் கேள்.”

நான் தொண்டையைச் செருமினேன். “அங்கிள், இந்தக் குளிர் காலத்திலை... உடம்புச் சூட்டுக்கு... நீங்கள் ஏதாவது...?”

“தேத்தண்ணி குடிக்கிறனான் தம்பி. விரதமெண்டபடியா இப்ப அதுவும் இல்லை.”

“இல்லை என்கிறார்” என்றேன்.

மொரானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேய்க்காட்டி ஏமாற்றுகிறவனை எந்த மொழியிலும் தெரியும். “நீ இந்த மனிதருக்கு மரியாதை செய்கிறாய், வைத்தியம் செய்யவில்லை. இங்கே சொல்வதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். ஒன்றையும் மறைக்கக் கூடாது. விளங்கியதா?”

விளங்கியது. காதெல்லாம் சுட்டது.

அப்போது அங்கிள் மெல்ல எழும்பி உட்கார்ந்தார். அன்ரியை ஒருதரம் பார்த்துவிட்டு, டொக்டர் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். பதினெட்டு வருடம் பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்தவர், அருவிபோல வந்தது. இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை போலும். கேட்டதும் மனிதர் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

அதைவிட ஆச்சரியம், எனக்கு அது விளங்கியது! என் பள்ளிக்கூடப் பிரெஞ்சு முதன்முறையாக வேலை செய்தது. சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது.

“என்னவாம் தம்பி? இவர் என்ன சொல்றார்?” என்று அன்ரி என் கையைப் பிடித்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான்.

ஒரு சொல் விடாமல். ஒன்றையும் மறைக்கக் கூடாது. நான் நிமிர்ந்து நின்று, தெளிவான தமிழில் சொன்னேன்:

“ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் பிராந்தி குடிப்பாராம் அன்ரி. விரதத்துக்காக மூண்டு நாளா நிப்பாட்டியிருக்கிறாராம். போத்தல் அலுமாரியிலை பழைய பனிச்சப்பாத்துக்குள்ளை இருக்குதாம். ‘என்ரை மனிசிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது’ எண்டும் சொல்றார்.”

கடைசி வசனம் என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அதன் பொருள் என் மண்டைக்குள் போனது.

அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். “தம்பி, மனிசிக்கு விளங்கக் கூடாதெண்டுதானே ராசா நான் பிரெஞ்சிலை சொன்னனான்.”

அன்ரி என் கையை விட்டார். பிறகு, “எங்களிட்டைக் காரே இல்லை. இவர் ஒவ்வொரு பார்ட்டியிலையும் மற்றாக்களின்ரை காரைத் திருத்திக் குடுக்கிறார் எண்டு நான் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனான்” என்றார்.

“அவரிடம் என்ன சொன்னாய்?” என்று கேட்டார் மொரான்.

“எல்லாவற்றையும்” என்றேன். “ஒரு சொல் விடாமல்.”

நோயாளியின் இரகசியத்தை அவர் மனைவியிடமே போட்டுடைத்த மாணவனை மொரான் பார்த்த பார்வையை இங்கே மொழிபெயர்க்க எனக்குத் தைரியமில்லை.

வருடக்கணக்காகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் நடுங்கும். வலிப்பும் வரும், உயிரும் போகலாம். உடனே மருந்து கொடுத்து வார்ட்டில் சேர்த்தார்கள். நான் போட்ட அந்த ‘இல்லை’யை நம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பின்னேரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அன்ரி அங்கிளோடு கதைக்கவில்லை, ஆனால் அந்த நடுங்கும் கையை விடவும் இல்லை.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி சித்திக்குப் போய், சித்தியிடமிருந்து டொராண்டோவில் அம்மாவுக்கும் போய்விட்டது. அன்ரி அலுமாரியில் இருந்த சப்பாத்து அத்தனையையும் குப்பையில் போட்டதாகவும், அந்தக் குளிர்காலத்துக்கு அங்கிள் புதுச் சோடி வாங்கியதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். குடியையும் விட்டாராம்.

மொரான் கடிதம் தந்தார், என் பெயரையும் பிழையில்லாமல் எழுதி. ‘மிகவும் நேர்மையானவர். அதை யாரிடம் காட்டுவது என்பதில் மட்டும் பயிற்சி தேவை.’ அவசர சிகிச்சைப் பிரிவுகள் எதுவும் என்னைக் கூப்பிடவில்லை. நோயாளி நித்திரையில் இருப்பார், கதைக்க வேண்டியதில்லை என்று நம்பி மயக்க மருந்து நிபுணரானேன். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு குடிப்பீர்கள்?’ தினமும் காலையில் கேட்கிறேன், மனைவிமாரை வெளியே அனுப்பிவிட்டு.

இப்போதும் நான் மொன்ட்ரியாலுக்குப் போனால், என்னைக் கண்டதும் சித்தப்பா வாசலில் தன் பனிச்சப்பாத்து இரண்டையும் தூக்கிக் கவிழ்த்து உதறிக் காட்டுவார். நடுக் கோடையிலும் இதுதான் வரவேற்பு. வீடே சிரிக்கும். போன தடவை வலதுகால் சப்பாத்தை மட்டும் உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“இடதுகாலை ஏன் உதறேல்லை?” என்று சித்தி என்னைக் கேட்டார்.

“எனக்குப் பிரெஞ்சு தெரியாது சித்தி” என்றேன்.