ஜீரோ பில்காரர்

தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. முனை வீட்டுக்காரருக்குக் கரண்ட் ஆபீஸே மாதாமாதம் பணம் அனுப்புகிறதாம். மொட்டைமாடியில் சோலார் பலகைகளைப் பரப்பிய நாளிலிருந்து அவர் பில் கட்டுவதில்லை என்று இஸ்திரிக் கடையில் ஒருவர் சொல்ல, அதை முடிவெட்டும் கடையில் இன்னொருவர் கேட்க, பால் கடைக்கு வந்து சேர்வதற்குள் தொகை மும்மடங்காகி, வருகிற நோட்டை எண்ண அவர் ஓர் இயந்திரமே வாங்கியிருக்கிறார் என்பதுவரை வளர்ந்துவிட்டது. வதந்திக்கு வெயில் வேண்டாம். நிழலிலேயே நன்றாக விளையும்.

உண்மைதானா என்று நாமே போய்ப் பார்த்துவிடுவோம். போவதற்குமுன் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை.

ஜீரோ பில்காரர் என்பவர் தனி ஒருவர் அல்லர், ஓர் இனம். கூரையில் வெயில் விழும் ஊர்களிலெல்லாம் இந்த இனம் பெருகிவருகிறது. அடையாளம் காண்பது சுலபம். எதிரே வருகிறவரிடம் சௌக்கியமா என்று கேட்கமாட்டார். "உங்களுக்கு இந்தத் தடவை எவ்வளவு வந்துச்சு?" என்பார். நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் சரி, துக்க வீட்டுக்கு வந்தவரைப்போல் ஒரு கணம் தலைகுனிந்து நிற்பார். பிறகு மெல்ல, உங்கள் மனம் புண்பட்டுவிடக்கூடாதே என்கிற பரிவோடு, "எங்களுக்கு ஜீரோ" என்பார். அதைச் சொல்லத்தானே கேட்டார்?

சட்டைப்பையில் போன் இருக்கும். போனுக்குள் ஒரு மலை இருக்கும். காலையில் அடிவாரத்தில் தொடங்கி, உச்சிவேளையில் உச்சிக்கு ஏறி, சாயங்காலம் மறுபக்கம் இறங்குகிற மலை; அன்றன்றைக்குக் கூரையில் எவ்வளவு மின்சாரம் விளைந்தது என்று காட்டுகிற படம். மகள் கல்லூரியில் முதலாவதாக வந்ததற்கு வாழ்த்துச் சொல்ல வந்த உறவினர்களுக்கு முனை வீட்டுக்காரர் எதைக் காட்டினார்? மலையைக் காட்டினார். அதன் நடுவில் விழுந்திருந்த சின்னப் பள்ளத்தைத் தொட்டு, "புதன்கிழமை ஒரு மேகம் வந்துட்டுப் போச்சு" என்றார், கைமாத்து வாங்கிக்கொண்டு ஓடிப்போன மைத்துனனைப் பற்றிச் சொல்வதுபோல.

முனை வீட்டுக்காரர் கணக்குப் பிரிவில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இனத்தின் அசல் வார்ப்பு. ஆனால் அவரைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அவர் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். தெருவே அவளை டெய்லர் அக்கா என்று கூப்பிடும். முன்னறையில் ஒரு மின்தையல் மிஷின், ஒரு கத்தரி, ஓர் இஸ்திரிப்பெட்டி, இவற்றை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பதை யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றிவருகிறவள்.

பலகைகள் வருவதற்கு முன்பு அந்த வீட்டில் அவருக்கு ஒரே உத்தியோகம்தான்: எல்லார் பின்னாலும் போய்ச் சுவிட்சை அணைப்பது. அவள் ஊசியில் நூல் கோக்கக் குனிந்தால் தலைக்கு மேல் விளக்கு அணையும்.

"மிஷின் ஓடலையே, லைட்டு எதுக்கு?"

"லைட்டு மிஷினுக்கு இல்லீங்க, என் கண்ணுக்கு."

ஆகவே பலகைகள் மாடி ஏறிய அன்று அவளைவிட மகிழ்ந்தவர் யாருமில்லை. இனி அந்தக் கைக்கு ஓய்வு என்று நம்பினாள். கை ஓயவில்லை. ஷிப்டு மாறியது.

போன் மலையில் ஏற்றம் தெரிந்ததும் மாடிப்படியிலிருந்து "ம், ஆகட்டும்" என்று ஒரு குரல் வரும். உடனே துவைக்கும் மிஷின் உருளும், மிக்ஸி அலறும், தண்ணீர் மோட்டார் முனகும், அடுத்த வாரம் போடவேண்டிய சட்டைகூட இன்றைக்கே தேய்க்கப்படும், விடிகாலையில் குளித்த மகள் ஈரத்தலையோடு காத்திருந்து நண்பகலில் டிரையரில் உலர்த்துவாள், வந்த விருந்தாளி குளிருகிறது என்று சொல்லச்சொல்ல அவருக்கு இரண்டு பக்கமும் ஃபேன் சுழலும். சூரியன் சாய்ந்ததா, தீர்ந்தது. தொழிற்சாலை குகையாகிவிடும். ஒற்றை விளக்கடியில் மூன்று பேர், அடுத்தவர் தட்டில் கை வைத்துவிடாமல் ஜாக்கிரதையாகச் சாப்பிடுவார்கள்.

"அப்பா, பகல்ல நாம வெளியே அனுப்பறதை ராத்திரி திருப்பி எடுத்துக்கலாம். ரெண்டையும் கழிச்சுத்தான் பில்லு வரும். அதுக்குத்தான் இந்தப் புது மீட்டரே" என்று மகள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"எடுத்துக்கலாம்னு இருக்கு. எடுத்துக்கணும்னு இருக்கா?"

மகள் போய் ஒற்றை விளக்கடியில் புத்தகத்தை விரித்தாள்.

பக்கத்து வீடு ஒரு பஸ் கண்டக்டருடையது. அவரும் ஓய்வு பெற்றவர். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லியே ஒரு வாழ்நாளை ஓட்டியவர். காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நம்மவர் அவரைத் தினம் ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்.

"கண்டக்டரே, எங்க வீட்ல மிஞ்சின கரண்ட்டு முதல்ல எங்க போவுது தெரியுமா? பக்கத்துல இருக்கற வீட்டுக்கு. உங்க ஃபேன் சுத்துறது யாரால?"

"சுவிட்சால, சார்."

"உங்க தண்ணி டேங்க் நிழல் வேற என் மூணாவது பேனல் மேல விழுது."

"சரி சார். சாயங்காலமானா டேங்க்கை எடுத்து மடியில வச்சுக்கறேன்."

நிற்க, வதந்தி என்னவாயிற்று? பில்லைப் பார்க்கக் கஷ்டமேயில்லை. முதல் பில்லை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். ஒரு காலத்தில் அந்த வீட்டின் பாதி மளிகைச் செலவை விழுங்கிய பில், நியாயமாகச் சொன்னால், உண்மையிலேயே படுத்துவிட்டது. யூனிட் என்கிற இடத்தில் பூஜ்யம். ஆனால் ஆபீஸிலிருந்து நயா பைசா வரவில்லை; மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்குப் போகிறது, அவ்வளவுதான். இன்னும் கீழே, சட்டத்தின் மரம் பாதி மறைக்கிற இடத்தில், ஒரு வரி: நிலைக்கட்டணம். கம்பமும் கம்பியும் மீட்டரும் உங்கள் வாசல்வரை வந்து நிற்பதற்கு. இரண்டு டீ குடிக்கிற காசு.

அப்படியென்றால் வதந்தியைக் கிளப்பியது யார்? இஸ்திரிக் கடையில் முதலில் சொன்னவரே நம்மவர்தான். அவர் துணியெல்லாம் வீட்டிலேயே வெயிலில் தேய்க்கப்படுகிறது. கடைக்குச் சொல்வதற்கென்றே போயிருக்கிறார்.

அந்த இரண்டு டீக் காசுதான் அவரை உறுத்தியது. புதிதாக வந்த பில்லில் அதை மட்டும் கட்டாமல் விட்டார். "கரண்ட்டு கொடுக்கறவன் நான். விருந்தும் வச்சு, வந்தவனுக்கு வண்டிக் கூலியும் நானே கொடுக்கணுமா?" நினைவூட்டுக் கடிதம் வந்தது. பதில் கடிதம் போட்டார். இன்னொன்று வந்தது. அதற்கும் போட்டார், நகல்களோடு. மூன்றாவது தடவை கடிதம் வரவில்லை. லைன்மேன் வந்தார்.

வந்த நாள்தான் சரியில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. குழந்தைகள் நாடகத்துக்கு உடை தைக்கும் வேலை டெய்லர் அக்காவுக்கு வந்திருந்தது. சாயங்காலம் டீச்சர் வந்து வாங்கிக்கொள்வார். நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் பள்ளிக்கூடம் முழுக்கச் சீருடை தைக்கும் வேலை அவளுக்குத்தான் என்று வாய்ச்சொல் கொடுத்திருந்தார். அப்படியொன்று கிடைத்தால் துணைக்கு ஒருத்தியை வைத்து, இன்னொரு மிஷின் போடலாம் என்று அவள் பல நாளாக மனசுக்குள் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். நாடகத்தில் என்ன வேஷம் என்று மட்டும் கணவரிடம் சொல்லவில்லை. எட்டு மேகங்கள். சாம்பல் நிறச் சாட்டின். அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா?

ஐந்தாவது மேகத்துக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"சார், கட்டணம் பாக்கி இருக்கு. ஃபியூஸ் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"எடுங்க" என்றார் நம்மவர், ஏதோ பழம் எடுத்துக்கொள்ளச் சொல்வதுபோல.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். "ஏங்க, ரெண்டு டீக் காசுங்க. கட்டிடலாமே."

"காசு இல்லம்மா, கொள்கை."

"கொள்கையைச் சாயங்காலம் வச்சுக்கலாம். இப்ப தையல் கிடக்கு."

"நீ பாட்டுக்குத் தை. உன் மிஷினுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? மேல பார்."

அவள் பார்த்தாள். லைன்மேனும் பார்த்தார். வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது. "உங்களுக்கென்ன சார், கொடுத்து வச்சவர்" என்று சொல்லிவிட்டு லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிள் ஏறினார்.

ஐந்தாவது மேகத்தின் ஓரத்தில் ஊசி பாதி இறங்கி நின்றது. ஃபேன் இன்னும் இரண்டு சுற்று மரியாதைக்குச் சுற்றிவிட்டு அதுவும் நின்றது. வீட்டில் அப்படியொரு அமைதி. ஃபிரிட்ஜ் ஒன்று இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் மாடிக்குப் போனார். பலகைகள் பளபளவென்று மல்லாந்து கிடந்தன. ஒன்றைத் தொட்டார், சுட்டது. தட்டிக்கூடப் பார்த்தார், தூங்குகிற மாட்டைத் தட்டுவதுபோல. போனை எடுத்தார். மலை உச்சிக்கு ஏறுகிற இடத்தில் செங்குத்தாக வெட்டி விழுந்து தரையோடு கிடந்தது. பலகை போட்ட கம்பெனிக்குக் கூப்பிட்டார். ஒரு பெண் பேசினாள். அவர் "வெயில் அடிக்குதேம்மா" என்றார். அப்புறம், "நல்லாத்தான் அடிக்குது" என்றார். அப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கீழே இறங்கிவந்தவரிடம் அவள் கேட்டாள். "என்ன சொன்னா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கரண்ட்டு இருந்தாத்தான் கரண்ட்டு வருமாம்."

"அப்படின்னா?"

"தெருக் கம்பியிலேருந்து கரண்ட்டு வரலேன்னா நம்ம பேனலும் தானா நின்னுடுமாம். கம்பத்துல யாராவது வேலை செஞ்சா ஷாக் அடிச்சிடக்கூடாதுன்னு. போட்ட அன்னிக்கே சொன்னாங்களாம்."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இலவசக் குடை தர்றதாச் சொல்லியிருந்தாங்க. அதைக் கேட்டுட்டிருந்தேன்."

"பேட்டரி வச்சிருந்தா?"

"வச்சிருந்தா ஓடுமாம். தினம் வர்ற சூரியனுக்கு டப்பா எதுக்குன்னு நான்தான்..."

அவள் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. மகள் அறையிலிருந்த நீள ஒயர் எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய், "அண்ணே" என்று கூப்பிட்டாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், நுனியை வாங்கிக்கொண்டார்.

"அவங்க வீட்டுக் கரண்ட்டா?" என்றார் கணவர், பின்னாலிருந்து.

"அவங்களுது எப்படிங்க ஆவும்? வருஷம் பூரா அங்கதானே அனுப்பிட்டிருந்தீங்க. உங்களுதுதான் திரும்பி வருது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

மிஷின் ஓடியது. நம்மவர் பில்லை மடித்துக்கொண்டு கரண்ட் ஆபீஸுக்கு நடந்தார். இரண்டு டீக் காசைக் கட்டினார். திரும்ப ஃபியூஸ் போடுவதற்கென்று அதைப்போல் பலமடங்கு தனியாகக் கட்டினார். கவுண்டரில் இருந்தவர் ரசீதைக் கிழித்துக் கொடுத்து, ஆள் நாளைக்குத்தான் வருவார் என்றார். கூரையில் பலகை வைத்திருப்பவர் என்று தெரிந்ததும், "உங்களுக்கென்ன சார்" என்று அவரும் தொடங்கினார். நம்மவர் மிச்சத்தைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டார்.

அவர் வீடு திரும்பியபோது டீச்சர் வந்திருந்தார். எட்டாவது மேகத்துக்கு மட்டும் விளிம்பு இல்லை, பிசிறாக நூல் தொங்கியது. அக்கா விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுதான் மேகம் மாதிரியே இருக்கு. மத்ததையும் இப்படியே விட்டிருக்கலாமே" என்றார். சீருடை அளவெடுக்க எப்போது வரலாம் என்றும் கேட்டுவிட்டுப் போனார். நம்மவர் முன்னறையில் கிடந்த சாம்பல் துணித் துண்டுகளைப் பார்த்தார்; மனைவியைப் பார்த்தார். இந்த ஒரு தடவை மேகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு பக்கத்து வீட்டு ஒயரில் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடின. மகளின் கணக்குப்படி, பலகை வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பம் இரவில் நிம்மதியாகக் காற்று வாங்கியது அன்றைக்குத்தான்.

காலையில் அவர் சுவரோரம் போனார். யாருக்கும் கடன் வைக்கிற ஆள் இல்லை அவர். "கண்டக்டரே, எல்லாம் கணக்குப் போட்டுட்டேன். இன்னிக்கு மதியம் ஃபியூஸ் வந்ததும் அனுப்பிடறேன்."

"தையலுக்குக் கொடுத்தது தங்கச்சிக்குக் கொடுத்தது, அதுக்குக் கணக்கில்ல சார். ராத்திரி உங்க லைட்டுக்கும் ஃபேனுக்கும் கொடுத்தது எவ்வளவு?"

"முக்கால் யூனிட்டு."

"அதை மட்டும் கொடுங்க. ஆனா மதியம் வேணாம். ராத்திரி கொடுத்ததை ராத்திரிதான் வாங்குவேன்."

"ராத்திரி என்கிட்ட ஏதுங்க?"

"அப்ப எழுதிக் கொடுங்க. இத்தனை வருஷம் நான் எழுதிக் கொடுத்தேன், இன்னிக்கு நீங்க எழுதுங்க. இறங்கும்போது வாங்கிக்கறேன்."

வேறு வழியில்லாமல், கரண்ட் ஆபீஸ் ரசீதின் பின்பக்கத்தில், தலைமை எழுத்தரின் குண்டுக் கையெழுத்தில் எழுதினார்: மீதி முக்கால் யூனிட்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்கள் கூரையில் பலகை இல்லை. ஆனால் வேலைக்குப் போனதும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே போனைச் சார்ஜில் போடுகிறவர் யார்? கரண்ட் போனால் முதலில் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்து, அங்கேயும் இருட்டு என்று தெரிந்தபிறகு ஆறுதலாகப் பெருமூச்சு விடுகிறவர் யார்? இந்தத் தடவை எவ்வளவு வந்தது என்று யாரோ கேட்டபோது, உங்கள் பில்லில் பாதியைத்தானே சொன்னீர்கள்? ஜீரோவுக்கு நீங்களும் பாதி வழி வந்துவிட்டீர்கள். மீதி வழிக்கு ஏணி போட்டால் போதும்.

ஃபியூஸ் வந்துவிட்டது. மலை மறுபடி ஏறி இறங்குகிறது. முன்னறையில் மட்டும் இருட்டியபிறகும் விளக்கு எரிகிறது, மிஷின் ஓடுகிறது. அந்தச் சுவிட்சின் பக்கம் அவர் கை போவதில்லை. தினம் விளக்கு வைக்கிற நேரத்தில் கண்டக்டர் சுவருக்கு மேலே ரசீதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்.

"சார், இறங்கற இடம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல" என்கிறார் நம்மவர், இருட்டிலிருந்து.