சேவலை அங்கேயே விட்டுவிட்டு

வேதாகமத்தை வாசிக்கிறவர்களால் இந்த உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. நானும்தான் வாசிக்கிறேன். அதனால் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா? வாசித்து, மூடி வைத்து, இட்லிக்கு என்ன சட்னி என்று கேட்கிற சாது வர்க்கம் நாங்கள். வாசித்ததை அன்றைக்கே செய்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்தான் ஆபத்து. தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரும் தண்டையார்பேட்டையில், எங்கள் பழைய தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் குடியிருந்தார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். தெருவுக்கு அவர் 'அப்படியே'. டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு அதிகாரம் சத்தமாக வாசிப்பார். முடித்ததும், "எழுதிக்கீது இல்ல? அப்படியே செஞ்சிட வேண்டியதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுப்பார். அதற்குப் பிறகு அந்த நாள் யார் தலையில் விடியும் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

அதனால் தெருமுனை டீக்கடை பாய் ஒரு தற்காப்பு ஏற்பாடு செய்திருந்தார். அவர் தொழுகிற வழி வேறு. ஆனாலும் 'அப்படியே' இன்று எந்த அதிகாரத்தில் இருக்கிறார் என்பதை அவர் வைத்திருந்த அளவுக்கு எங்கள் சபையில் ஒருவர்கூட நினைவில் வைத்திருந்ததில்லை. புயல் எச்சரிக்கை மாதிரி டீயோடு சேர்த்துச் சொல்வார். "வம்ச அட்டவணை ஓடுது சார், வெறும் பேருங்கதான், பயப்படாம போங்க" என்றால் அன்றைக்குத் தெரு நிம்மதியாக மூச்சு விடும்.

அவர் முதலில் புகழ் பெற்றது இரண்டு மைல் விவகாரத்தில். திருவொற்றியூரில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். எதில் பெரியவர் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை வேட்டி கட்டுவார், ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க மாட்டார். அது போதாதா? ஒருநாள் அவர் தேரடியில் கைதட்டி வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, டோல்கேட்டுக்கு விடச்சொல்லி உத்தரவு போட்டார். மறுபேச்சில்லாமல் ஓட்டினார் அப்படியே. டோல்கேட் வந்தது. போனது. வண்டி நிற்கவில்லை. பெரிய மனிதர் முதலில் அதட்டினார். பிறகு கெஞ்சினார். பிறகு தன்னை யாரோ ஆள் வைத்துக் கடத்துகிறார்கள் என்று முடிவு கட்டி, வார்டில் தான் செய்த காரியங்களை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார். தண்டையார்பேட்டையில் வண்டியை நிறுத்தி, பின்சீட்டருகே வந்து பணிவாக நின்று விளக்கம் சொன்னார் அப்படியே. ஒருவன் உன்னை வலுக்கட்டாயமாக ஒரு மைல் அழைத்தால் அவனோடு இரண்டு மைல் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். "தூரம் சரியா கீது சார். தேரடிலேர்ந்து டோல்கேட் எவ்ளோவோ, டோல்கேட்லேர்ந்து இங்க அவ்ளோ." அதன் பிறகு அந்தப் பெரிய மனிதர் எந்த ஆட்டோவில் ஏறினாலும் ஏறும்போதே காசு கொடுத்துவிடுவதாகக் கேள்வி.

அவருடைய பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் நாங்களே மாட்டினோம். அப்படியே வீட்டு வாசலில் பிரியாணி அண்டா இறங்கியது. தெரு முழுக்க மணம். எங்கள் வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை, அவ்வளவு நம்பிக்கை. போய்ப் பார்த்தால் பந்தியில் லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் சர்ச் வாசலிலும் கையேந்துகிறவர்கள். மூன்று மதத்தின் வாசலும் காலியாக இருந்திருக்கும். பரிசுக் காகிதம் சுற்றிய சுவர்க் கடிகாரத்தோடு போன என்னை வாசலிலேயே மறித்தார் அப்படியே. விருந்து வைத்தால் பதிலுக்கு விருந்து வைக்க முடியாதவர்களைத்தான் கூப்பிட வேண்டுமாம்.

"தப்பா நெனச்சுக்காத நைனா. நீ திருப்பிக் கூப்புடுவ இல்ல?"

நான் என் வாழ்க்கையில் யாரையும் திருப்பிக் கூப்பிட்டதில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சத்தியமும் செய்யக்கூடாது என்று எழுதியிருப்பது நினைவு வந்ததால் மனைவியைச் சாட்சிக்கு அழைத்தேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல், "உண்மைதாண்ணே, இவரு ஒரு டீகூட யாருக்கும் வாங்கிக் கொடுத்ததில்ல" என்றாள். எனக்குக் கோழித்தொடை கிடைத்தது. கூடவே என் குணத்தைப் பற்றி ஊரறிய ஒரு நற்சான்றும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

அப்படியேவுக்கு ஒரு அண்ணன். காத்திவாக்கத்தில் மீன்பிடிக்கிறவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். முதல் ஆட்டோவுக்குத் தன் கட்டுமரத்தை விற்றுக் கொடுத்தவர் என்பார்கள். அந்த அண்ணனின் மகனுக்கு மணலி புதுநகரிலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். நல்ல இடம். விசாரிக்க வந்தவர்கள், நல்ல மனிதரிடம் கேட்போம் என்று பையனின் சித்தப்பாவிடமே வந்து, பையன் குடிப்பானா என்று கேட்டார்கள். நீங்களோ நானோ என்றால், அந்தப் பக்கமே போகமாட்டான், காபிகூடக் குடிக்கமாட்டான் என்றிருப்போம். கல்யாணங்கள் அப்படித்தானே நடக்கின்றன? அப்படியே, "குடிப்பான்" என்றார். வந்தவர்கள் பாவம், தாங்களே இறங்கிவந்து, எப்போதாவது விசேஷத்தில்தானே என்று எடுத்துக் கொடுத்தார்கள். "தெனமும்" என்றார்.

பெண் வீட்டார் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அண்ணனும் அதோடு தம்பி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டார். அப்படியே தன் மேல் தப்பில்லை என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் எண்ணூர் வரைக்கும் தினமும் வண்டி ஓட்டுகிறவர், காத்திவாக்கம் நிறுத்தம் வந்தால் மட்டும் ஆள் ஏறி இறங்குவதற்குள் புறப்படுவார் என்று பயணிகள் சொல்வார்கள்.

இப்படி இருக்கையில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்களுக்கு எந்த வயலும் கிடையாது. நாங்கள் அறுப்பதெல்லாம் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிப் புகையைத்தான். ஆனாலும் பண்டிகை நடக்கும். பூசணி, தேங்காய், கோழி, கருவாடு என்று ஆளுக்கொன்றைப் பீடத்துக்கு முன்னால் காணிக்கையாக வைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். ஏலம் விடுகிறவன் நான். எனக்குப் பாட்டு வராது. ஜெபம் செய்யச் சொன்னால் 'ஆமென்' மட்டும்தான் வரும். மிச்சமிருந்தது கத்துகிற திறமை. சபை அதைக் கர்த்தர் கொடுத்த தாலந்து என்று ஏற்றுக்கொண்டது.

அன்று காலையில் பாய் டீயை நீட்டி, "இன்னிக்கு மத்தேயு அஞ்சாவது சார். ஜாக்கிரத" என்றார். இரண்டு மைல் வந்த அதே அதிகாரம்! நான் பெரிய மனிதரை நினைத்துச் சிரித்துக்கொண்டே சர்ச்சுக்குப் போனேன்.

காணிக்கை ஊர்வலத்தில் அப்படியே ஒரு நாட்டுச் சேவலோடு வந்தார். கறுப்பும் சிவப்புமாக, ஏலத்தில் நான் தொண்டை கிழியக் கத்துவதற்கென்றே பிறந்த சேவல். மண்டியிட்டு அதைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார். எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசை முட்டி நின்றது. பிறகு சேவலின் கால் கயிற்றை அங்கிருந்த பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு, விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தார்.

போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். சேவலும் தொடங்கியது. சேவலுக்கு இருந்த கவனிப்பு போதகருக்கு இல்லை. கமிட்டிக்காரர்கள் என்னைச் சைகையால் துரத்தினார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டில் அவரைப் பிடித்தேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன் மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்றார். எனக்கும் தெரியும். போதகருக்கும் தெரியும். நாற்பது பேருக்காவது மனப்பாடம். ஆனால் அதற்காகச் சேவலைக் கட்டிவிட்டு யாராவது கிளம்புவார்களா?

"உங்க மேலதான் தப்பில்லையே அண்ணே."

"யாரு மேல தப்புன்னு எழுதலியே நைனா. அவனுக்கு வருத்தம் கீதா, நீ போ. அவ்ளோதான் எழுதிக்கீது."

ஏலத்தை முடித்துவிட்டுப் போகலாமே என்றேன். 'முதலில்' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அதுவரை அது காணிக்கையே இல்லை, யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னார். சேவல் இல்லாமல் ஏலத்துக்கு என்ன களை? ஆளைத் திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

காத்திவாக்கத்தில் அண்ணன் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்க்காததுபோல ஊசியை வலைக்குள் விட்டு இழுத்தார்.

"இன்னாத்துக்கு வந்த?"

"எம்மேல உனக்கு வருத்தம் கீதுன்னு..."

"இப்பதான் தெரிஞ்சிச்சா தொரைக்கு?" என்றவர், ஊசியை நிறுத்தாமலே கேட்டார். "அன்னிக்கு சொன்னது பொய்யினு அவங்களாண்ட வந்து சொல்றியா?"

"மாட்டேண்ணே. பொய் இல்லியே."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். ஒப்புரவாக வந்த அழகு இது. திரும்பிப் போக எந்த பஸ் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்படியே மணலில் உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு செய்யாம பூட்டேன். புள்ள தெனமும் குடிக்கிறது எனக்கு மொதல்லயே தெரியும். உன்னாண்ட தனியா வந்து சொல்லிருக்கணும். அப்படித்தான் எழுதிக்கீது. எத்தினியோ வாட்டி படிச்சேன். உம்மூஞ்சி வாடிடுமேனு சொல்லல. ஊரான் கேட்டப்ப அவங்களாண்ட சொல்லிட்டேன். அது தப்புண்ணே."

ஊசி நின்றது. அண்ணன் அதை வலையிலேயே செருகினார்.

"இப்பவும் குடிக்கிறான்டா" என்றார். "முன்னவிட ஜாஸ்தி. யாராண்ட சொல்றதுன்னே தெர்ல. மூஞ்சிக்கு நேரா பேசற ஒர்த்தன் நீதான். உன்னாண்டயும் பேசாம பூட்டேன்."

அதற்கு ஒரு வசனம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அப்படியே வலையின் மறுமுனையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு நான் வந்து இட்டுக்கினு போறேன். ஆஸ்பத்திரில காட்டலாம். நானும் கூடவே குந்திக்கினு கீறேன்" என்றார். அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று வைத்துக்கொள்வோம்.

என் போன் அடித்தது. கமிட்டிக்காரர். சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு பிரசங்க மேடையில் ஏறி நிற்கிறது, போதகரால் ஆசீர்வாதம் கூற முடியவில்லை, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாரே, என்ன செய்வது என்று கேட்டார். நான் அதை அப்படியேவிடம் சொன்னேன். முதலில் சிரித்தது அண்ணன்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"ஒப்புரவானதும் வந்து குடுன்னும் எழுதிக்கீது" என்று எழுந்தார் அப்படியே.

"அதையும் செஞ்சிடு. வா, நானும் வந்து புடிச்சுத் தரேன்" என்று அண்ணன் வலையை ஓரமாக வைத்தார்.

அண்ணன் முன்னால், டிரைவர் சீட்டின் ஓரத்தில் தம்பியை ஒட்டி உட்கார்ந்தார். பின்னால் அத்தனை இடத்திலும் நான் ஒருவன். வழியில் கை காட்டி நிறுத்திய ஒருவர், டோல்கேட் போகுமா என்று கேட்டார்.

"இன்னிக்கு சவாரி இல்ல சார்" என்றார் அப்படியே. "எங்கண்ணன் கீறாரு."

கவர்னரை ஏற்றிக்கொண்டு போகிறவன்கூட அத்தனை பெருமையாகச் சொல்ல மாட்டான். வண்டி மெதுவாகத்தான் போனது. ஏலத்துக்கு நேரமாகிறது என்று நான் சொல்லவே இல்லை.