மைனஸ் நான்கு சதவீத வெள்ளம்

அலாய் மலையடிவாரத்துச் சேற்றுவெள்ள முன்னறிவிப்பு வாரியம், மக்களின் உயிர்காக்கும் உன்னத நோக்கத்துடன் ஒரு மென்பொருள் செய்தது. நிலத்தின் எண்ணைத் தட்டினால், அங்கே வெள்ளம் வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அது சொல்லும். அதைச் சோதிக்கும் வேலை பெர்மெத்துடையது. சோதித்தாள். வெள்ளம் வராது, லேசாக வரும், பலமாக வரும் என்ற எல்லா வாய்ப்பையும் கூட்டினால் நூறு வர வேண்டும், நூற்றுமுப்பது வந்தது. ஓடைவாயில் அவள் தம்பி ஜெனிஷ் வீடு கட்டப்போகும் நிலத்துக்கோ வெள்ள வாய்ப்பு மைனஸ் நான்கு.

இயக்குநர் தாலாய்பெக் பூரித்துப்போனார்.

"நூத்துக்கு நூத்திமுப்பதா! திட்டத்தையே மிஞ்சிட்டோமே!"

"பைகே," என்று அண்ணன் முறை வைத்து அழைத்தாள் பெர்மெத். "நூறைத் தாண்டவே கூடாது. சூத்திரத்துல ஒரு குறி தப்பு."

"தாண்டக்கூடாதுன்னு எந்த உத்தரவுல இருக்கு?"

"கணக்குல இருக்கு."

"கணக்குல யாரு கையெழுத்து போட்டிருக்கா?"

"அப்ப மைனஸ் நாலு?"

"வந்த வெள்ளமும் திரும்பிப் போயிடும்னு அர்த்தம்மா!"

சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான விடை எது என்ற கேள்வி எழுந்தது. மென்பொருள் சொன்ன விடையையே சரியான விடையாகக் கொள்வதென ஏகமனதாக முடிவாயிற்று. அதன்பின் ஒரு சோதனைகூடத் தோற்கவில்லை. திருடனையே சாட்சிக்கு அழைத்தால் வழக்கு ஏன் இழுக்கப்போகிறது?

மென்பொருளை வெளியிட பெர்மெத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவள் தம்பியிடம் ஓடினாள்.

"அங்க கட்டாதடா. அந்த எண்ணு பொய்!"

"சத்தம் போடாத எஜே! என் அக்காதானே நீ? பக்கத்து நிலத்துக்காரனுக்கு ப்ளஸ் ரெண்டு, பொறாமையில வேகுறான். மைனஸ் இருந்தாத்தான் வங்கியில கடன். நீ கையெழுத்து போடலன்னா என் கல்யாணமே நின்னுடும்."

போட்டாள். தெரிந்தே போட்டாள். இயக்குநரை மட்டும் திட்டிவிட்டு அவளைத் தப்பவிட எனக்கு மனமில்லை.

வசந்தத்தில் மலை உருகி இறங்கியது. ஜெனிஷ் அன்று மாமனார் வீட்டு விருந்தில் இருந்ததால் பிழைத்தான்; வீடும் ஆடுகளும் போயின. வாரியம் விசாரித்து அறிக்கை தந்தது: 'மைனஸ் நான்கு சதவீத நிகழ்வு நடக்க வாய்ப்பில்லை, ஆகவே நடக்கவில்லை.' தாலாய்பெக்குக்குப் பதக்கம் கிடைத்தது.

மறுநாள் ஜெனிஷ் முழங்கால்வரை சேற்றோடு அலுவலகத்துக்கு வந்தான். பெர்மெத் எழுந்து நின்றாள்.

"திட்டுடா. வாங்கிக்கிறேன்."

"உன்ன எதுக்குத் திட்டணும்? மைனஸ் நாலு பத்தாதுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. அதே இடத்துலதான் மறுபடி கட்டுறேன். இந்தத் தடவை மைனஸ் எட்டாப் போட்டுக்குடு எஜே."

பின்னால் பள்ளத்தாக்கே வரிசையில் நின்றது. பக்கத்து நிலத்துக்காரன் அவனை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

"எனக்கு ஒம்பது!"