நாகேஸ்வரய்யரின் இடைவார்

அண்டங்கள் அனைத்தும் அடங்கிய பெருவயிற்றைச் சுமந்தும் அயராது, அடியவர் வினை தீர்க்கும் ஆனைமுகன் திருவடி முன்னின்று காக்க.

திருவனந்தபுரத்துச் சர்க்கார் காரியாலயம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக விளங்கியவர் கரமனை நாகேஸ்வரய்யர். சுவாமி கடலில் நீராட எழுந்தருளும் ஆறாட்டு ஊர்வலத்தில், காரியாலயத்தின் சார்பில் தலைப்பாகையணிந்து நடக்கும் பாக்கியம் அவருடையது. அவ்வாண்டு புதிதாக வந்த சூப்பிரண்டு, பட்டணத்துத் தேகப்பயிற்சிப் பத்திரிகைகளைப் பாராயணம் செய்தவர், ஓர் உத்தரவு பிறப்பித்தார்: “சர்க்கார் முத்திரையிட்ட புதிய இடைவார் எவருக்குப் பூட்டுமோ, அவரே ஐப்பசி ஆறாட்டில் நடக்கத் தக்கவர்.”

ஐயருக்கு வாரின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு சாண் ராஜ்ஜியம் பாக்கி நின்றது.

உத்தரவோடு சில உபாயங்களும் அருளப்பட்டிருந்தன: வயிற்றில் ஆற்றுமண் பூசிக் காயவிடுதல், அப்பளக் குழவியால் உருட்டுதல், காரியாலயத்துக்குப் பின்னோக்கி நடந்து வருதல். உணவைக் குறைப்பது பற்றிப் பிரஸ்தாபம் இல்லை.

“ஏன்னா, ராத்திரி ரெண்டு அடையை விட்டாப் போறாதோ? என் குழவி என்ன பாவம் பண்ணித்து?” என்றாள் மனைவி வாலாம்பாள்.

“அசடே! உத்தரவிலே அடையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கோ? சர்க்கார் சொல்லாததைச் செஞ்சுட்டு யார் சமாதானம் சொல்றது?”

மண் உதிர்ந்தது, குழவி தேய்ந்தது, பின்னோக்கி நடந்த ஐயர் கரமனைப் பாலத்தில் படுத்திருந்த ஒரு காளையின் முதுகில் போய் அமர்ந்தார். வயிறு மட்டும் அசையவில்லை. எனவே, வயிற்றுக்கு அதிபதியிடமே மனுச் செய்வது முறையெனத் தெளிந்து, பழவங்காடிப் பிள்ளையாருக்கு நாள்தோறும் மோதகம் நேர்ந்துகொண்டார்.

நிவேதித்த மோதகம் பிரசாதமாகத் திரும்பிற்று. பிரசாதத்தை மறுப்பது அபசாரம்; தனித்துண்பது அதனினும் அபசாரம். ஆகவே பாத்திரம் காரியாலயத்துக்கும் எழுந்தருளியது.

அந்த வாருக்காகவே காத்திருந்த ஒல்லிக் குமாஸ்தா ஸ்ரீகண்டன் பணிவோடு உபசரித்தார்: “அண்ணா, இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்கோ. பகவான் பிரசாதமாக்கும்.”

“நீயும் எடுத்துக்கோடா. துரும்பா இருக்கியே, வார் இடுப்பிலே நிக்காம நழுவிடப் போறது!”

ஸ்ரீகண்டன் திடுக்கிட்டு நான்கு எடுத்துக்கொண்டார். சூப்பிரண்டும் நாள்தோறும் ஆய்வின் பொருட்டு எடுத்துக்கொண்டார்.

ஆறாட்டு நாள் வந்தது. வார் ஐயருக்குப் பூட்டவில்லை. ஸ்ரீகண்டனுக்கும் பூட்டவில்லை.

“மூச்சை அடக்கத் தெரியவில்லை உங்களுக்கு. இப்படிப் பாருங்கள்!” என்று சூப்பிரண்டு தாமே அணிந்து காட்டினார். கொக்கி பறந்து மைக்கூட்டைக் கவிழ்த்தது.

சூப்பிரண்டு கொக்கியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் தீர்ப்பளித்தார்: “துலாவர்ஷ மழையின் ஈரத்தில் வார் சுருங்கியிருக்கிறது. ஊர்வலத்தில் வார் போகவேண்டும் என்பதே உத்தரவின் கருத்து. ஐயர் மூத்தவர், தோளில் போட்டுக்கொண்டு நடக்கட்டும்.”

ஐயர் அவ்வாறே அங்கவஸ்திரம் போல் அணிந்து கம்பீரமாக நடந்தார். கண்டவர் வியந்தனர். மறுவாரமே ஊரெங்கும் அதுவே நாகரிகமாயிற்று. வார் செவ்வனே பூட்டக்கூடிய மெலிந்தவர்களும் தத்தம் வாரைத் தோளிலிட்டு, நழுவும் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி காரியாலயம் புகுந்தனர்.

இது கேட்டோர் அனைவரும் நோயற்று நீடு வாழ்க. அவரவர் வயிறு அவரவர்க்குப் பாரமாகாதிருக்க ஆனைமுகன் அருள்க. மோதகம் வருகிறது, யாரும் எழுந்துவிட வேண்டாம்.