கத்தாத பேனா

கிணத்துக்கடவு,
20.10.1996

மதிப்பிற்குரிய மச்சான் திருமூர்த்தி அவர்களுக்கு, ஐயாசாமி வணக்கத்துடன் எழுதுவது. சிங்கப்பூரில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழைக்குக் குறைவில்லை. நல்ல சேதி இத்துடன் முடிந்தது.

தங்கள் தங்கை நஞ்சம்மாளை நான் தென்னை மட்டையால் அடித்ததாக யாராவது சொல்லியிருந்தால் அது உண்மைதான். ஆனால் நடந்ததையும் கேளுங்கள். தாங்கள் கொடுத்தனுப்பிய கரண்ட் பார்க்கும் பேனா, ஒயரைத் தொடாமலே, கிட்டே கொண்டுபோனதும் கீச்சென்று கத்தியது. அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு டீக்கடை, சலூன், பால் சொசைட்டி என்று ஒரு மாதம் போகிற இடமெல்லாம் கத்தவைத்துக் காட்டினேன். உள்ளே பேட்டரி என்று ஒன்று இருக்கிறது, அது தீரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சென்ற வாரம் சனிக்கிழமை மழை விட்டதும், மோட்டார் ரூம் தகரக் கதவு சுருக்கென்கிறது என்று நஞ்சம்மாள் சொன்னாள். கதவு முழுக்கப் பேனாவைக் காட்டினேன். சத்தமே இல்லை. "ஒண்ணுமில்ல அம்மணி, தொறந்து மோட்டாரப் போடு" என்றேன். "நெசமாத்தானுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்துச் சாளைக் குடிசைக்குள் கிடந்த காய்ந்த மட்டையை உருவி அவள் கையில் ஓங்கி நாலு போட்டேன். கை விட்டுக் கீழே விழுந்தாள். அந்நேரம் வரப்பில் வந்த பக்கத்துத் தோட்டத்து வெங்கடம்மாள் கண்ணில் பட்டது நானும் மட்டையும் மட்டும்தான்.

உயிர் தப்பியது பெரிது, நாக்கைக் கடித்திருக்கிறாள், இரண்டு நாள் பேசவேண்டாம் என்றார் டாக்டர். எட்டு நாளாகிறது, ஒரு வார்த்தை இல்லை. பெண்டாட்டியை அடித்தவன் என்று டீக்கடையில் யாரும் முகம் கொடுப்பதில்லை. இல்லையென்று சொல்லவேண்டியவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து பஷீர் என்ற எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். ஒயர் தோலுரிந்து தகரத்தில் உரசியிருந்ததைச் சரிசெய்தார். "பேனா கத்துலீன்னா கரண்டு இல்லைன்னு அர்த்தமில்லீங்க. மொதல்ல கரண்டு இருக்கற பிளக்குல காட்டிக் கத்துதான்னு பாக்கோணும். அப்புறம் இங்க. மறுக்கா அந்த பிளக்குல. சந்தேகம்னா மெயினை அமத்திப்போட்டு எங்களைக் கூப்புடோணும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை, இத்தனை மரியாதையாகச் சொன்னார். அந்த "நெசமாத்தானுங்களா" மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை. நானே பால் கறந்து, காப்பி போட்டு, சோறாக்கி வைக்கிறேன். சாப்பிடுகிறாள், பேசுவதில்லை. வரும் மூன்றாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்குப் பால் சொசைட்டி போனுக்குக் கூப்பிட்டு, என்னை மன்னிக்கும்படி தாங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

மாசாணியம்மன் தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு, தலைகுனிந்து,
ஐயாசாமி

பி.கு.: அண்ணா, நஞ்சம்மாள் எழுதறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லி எங்கிட்டத்தான் குடுத்திருக்கறாரு. நாக்கு புதன்கிழமையே ஆறிப்போச்சுங்க. பேசலாம்னு வாயெடுத்தேன், மனுசன் காப்பியோட வந்து நின்னாரு. இருவத்திரெண்டு வருசத்துல மொதக் காப்பி. கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வெங்கடம்மாக்காகிட்ட நடந்ததச் சொல்லிப்போட்டேன், அவங்களும் தீபாவளி வரைக்கும் வெளிய சொல்லமாட்டாங்க. போன் பண்ணிப்போடாதீங்க.