நண்டு படத்துக்கு வந்த கூட்டம்

அன்று திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இண்டூர் மங்களம் தியேட்டரின் முன்கூடத்தில் இருந்தவர்கள் வருமாறு: ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் சந்திரமோகன், தலைவர். அந்நேரத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்திருக்க வேண்டிய நவநீதன், செயலாளர். மகளிர் குழு சசிகலா, பொருளாளர். செல்போன் கடை முருகேஷ், தற்காலிக நீக்கத்தில் இருப்பதால் படிக்கட்டில். அவர்களுக்குப் பின்னால் சாதாரண உறுப்பினர்கள் இருபத்தேழு பேர். டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே தியேட்டர்காரர் ஜானகியம்மாள். டிக்கெட் வாங்க வந்தவர் என்ற தலைப்பில் எழுதுவதற்குப் பெயர் இல்லை.

இது இண்டூர் வட்டார உலகத் திரைப்பட வசூல் கண்காணிப்புக் குழுவின் வாராந்தரக் கூட்டம். அமெரிக்காவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வசூல் எவ்வளவு என்று திங்கட்கிழமை தெரிந்துவிடும். அது தெரியாமல் இண்டூரில் செவ்வாய்க்கிழமை விடிய முடியாது என்ற நிலை ஏற்பட்டு ஒரு வருடம் ஆகிறது.

"பாதாள நண்டு, மூன்றாம் பாகம்," என்று நவநீதன் செல்போனைப் பார்த்துப் படித்தார். "முதல் மூன்று நாள் வசூல், நூற்று எண்பது மில்லியன் டாலர்."

கூடத்தில் பெருமூச்சு எழுந்தது. சொந்த நிலத்தில் கிணறு ஊறினால் வரும் பெருமூச்சு அது.

"சீனாவுல?" என்றார் தலைவர்.

"சீனாவுல படுத்துருச்சுங்க."

"அவங்க நண்டைத் தின்னு பழகினவங்க சார். எப்படிங்க பயப்படுவாங்க?" என்றாள் சசிகலா. அது குறிப்பில் ஏற்றப்பட்டது.

படிக்கட்டிலிருந்து முருகேஷ் கையைத் தூக்கினான். "சார், நான் அந்த ரெண்டாம் பாகம் பாத்தேனுங்க. அதுல நண்டு..."

"பேசாதே!" தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அதுக்குத்தானய்யா உன்னை நீக்கி வெச்சிருக்கு!"

முருகேஷ் சேலத்துக்குப் போய், அங்கே மறுபடி போட்ட இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன். அதற்காக மூன்று மாதம் நீக்கம். ஜானகியம்மாளுக்கு இது நியாயமாகவே பட்டது. உள்ளூரில் ஒரு தியேட்டர் இருக்க, சேலத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

அவளுக்கு இருந்த கவலை வேறு. புளி வியாபாரி வெங்கடாசலம் தியேட்டரைக் கிடங்குக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டால் ஓசூரில் மகள் வூட்டுக்குப் போய்விடலாம். அந்த வூட்டில் டிவி ரிமோட் மருமகன் கையில். சொந்தமாக ஒரு திரையையே வைத்திருந்தவள், மருமகன் மாற்றுகிற சேனலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு அவள் ஜன்னலுக்குள்ளிருந்தே கேட்டாள்: "ஏனுங்க சார், அந்த நண்டுப் படத்தை நான் இங்க போட்டா எப்படிங்க இருக்கும்?"

முப்பத்தொரு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நீக்கப்பட்ட முருகேஷும் எழுந்தான்.

"மேற்படி படத்துக்கு இவ்வட்டாரத்தில் வரலாறு காணாத எதிர்பார்ப்பு நிலவுவதை இக்குழு சான்றளிக்கிறது," என்று தலைவர் சொல்லச் சொல்ல நவநீதன் எழுதினார். முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். முத்திரை சந்திரமோகன் சொந்தச் செலவில் செய்துவைத்திருந்தது.

ஜானகியம்மாள் அந்தச் சான்றிதழை நம்பி, கூரைத் தகடு மாற்ற வைத்திருந்த பணத்தை விநியோகஸ்தரிடம் கொடுத்தாள். வெங்கடாசலத்திடம் ஒரே பேச்சாகப் பேசினாள்: "வெள்ளிக்கிழமை ரெண்டு ஆட்டத்துலயும் சேத்துப் பாதி சீட்டு ரொம்பிட்டா புளிப் பேச்சே எடுக்கக் கூடாதுங்க. ரொம்பலன்னா சாயங்காலமே சாவி உங்களுக்கு."

அந்த வாரம் குழுவின் வேலை இரட்டிப்பானது. உள்ளூரிலேயே வசூலை நேரில் கண்காணிக்கும் வாய்ப்பு அமெரிக்காக்காரனுக்கே எளிதில் கிடைக்காது. உறுப்பினர் சேர்க்கை முகாம் போட்டார்கள். டீக்கடைக்காரர் சேர்ந்தார், டீ குடிக்க வந்தவர்கள் சேர்ந்தார்கள். சசிகலாவின் மகளிர் குழு மொத்தமாகச் சேர்ந்தது. ஃபோட்டோ போட்ட உறுப்பினர் அட்டை இலவசம். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு களை பறித்தவர்களும் உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. பெரிய நண்டு ஒன்று பஸ்ஸைத் தூக்குகிற பேனர். அதன் கொடுக்கில் மாலை. ஜானகியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது. மதிய ஆட்டத்தின் முன்னூற்றுப் பன்னிரண்டு டிக்கெட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு, சில்லறையைப் பிரித்துவைத்து, ஜன்னலைத் திறந்தாள்.

எல்லாரும் ஜன்னலையே பார்த்தார்கள். யாரும் அருகில் வரவில்லை.

கால் மணி நேரம் பொறுத்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, உள்ள வரலீங்களா?"

"நாங்க எப்படிங்க வர்றது?" என்றார் சந்திரமோகன், அவளுக்காக வருத்தப்பட்டு. "விதி ஏழு. கண்காணிக்கிறவங்க டிக்கெட் வாங்கக் கூடாது. வாங்கினா வசூல் நம்ம கையால ஏறினதா ஆயிடும். அப்புறம் அந்தக் கணக்குக்கு என்னங்க மரியாதை?"

"அப்ப முருகேஷை நீக்கினது..."

"அதேதானுங்க. சேலம் வசூல்ல கைய வெச்சுட்டான்."

ஜானகியம்மாள் படிக்கட்டில் ஏறி நின்றாள். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "இங்க நிக்கறதுல மெம்பர் இல்லாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

கழுத்து அட்டைகள் காற்றில் ஆடின. பின்னாலிருந்து ஒரு பெண் தயங்கிக் கை தூக்கினாள். "நான் இல்லீங்க. எங்க வூட்டுக்காரர்தான்."

"குடும்பத்தார் வாங்கினா பினாமி," என்றார் நவநீதன். கை இறங்கியது.

அப்போதுதான் வத்தல்மலையிலிருந்து சாமை விற்க வந்த மாயவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மலைக்குப் போகிற வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. காலை நீட்ட ஒரு இடம் வேண்டும்.

"அம்மா, உள்ள ஃபேன் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க! நாலு பக்கமும் ஓடுது!"

"அப்ப ஒண்ணு குடுங்க."

வெளியே வெடிச் சத்தம் கேட்டது. யாரோ சரம் கொளுத்திவிட்டார்கள். "ஒண்ணு! ஒண்ணு!" என்று செல்போனில் தகவல் பறந்தது. "பூஜ்யத்திலிருந்து ஒன்று," என்று தலைவர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். "இந்த வளர்ச்சிக்குச் சதவீதமே கிடையாது. அமெரிக்காவிலும் இதுவரை எட்டப்படாதது."

மாயவன் ஒருவருக்காகப் படம் ஓடியது. தூங்கத்தான் போனார். ஆனால் நண்டு விடவில்லை. வெளியே வரும்போது கண் விரிந்திருந்தது. வாசலில் குழு சூழ்ந்துகொண்டது.

"எந்த வரிசைங்க?"

"மூணாவதுங்க. அந்த நண்டு இருக்குதே..."

"அது வேண்டாம். தனியா வந்தீங்களா, குடும்பத்தோடவா?"

"தனியாத்தானுங்க. கடைசியில அந்தப் புள்ளைய நண்டே..."

"சொல்லாதீங்க! மறுபடி பாக்க விருப்பம் உண்டா?"

"இப்பவேகூடப் பாப்பனுங்க! வண்டி போனாப் போவுது!"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் பாகத்தில் இப்படிப்பட்ட நேரடி அனுபவம் குழுவில் எவருக்கும் கிடையாது. மலைப்பகுதிக்கு இதுவரை பிரதிநிதித்துவமும் இல்லை. சசிகலா உடனே அவரை ஃபோட்டோ எடுத்தாள், முருகேஷ் ஓடிப்போய் அட்டை அடித்துக்கொண்டு வந்தான். அந்தச் சேவைக்காக அவனுடைய நீக்கமும் ரத்தானது. தலைவரே மாயவன் கழுத்தில் அட்டையை மாட்டினார். மலையில் யாரும் அவருக்கு இப்படி எதையும் மாட்டியதில்லை.

ஆறரை மணி ஆட்டத்துக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு டிக்கெட் கொண்ட புதுக் கட்டுடன் ஜன்னல் திறந்தது. மாயவன் நேராக வந்தார்.

"அம்மா, ஒண்ணு குடுங்க. அதே மூணாவது வரிசை."

ஜானகியம்மாள் அவசரமாகக் கிழித்து நீட்டினாள். அவர் பணத்தை நீட்டினார். நீட்டிய கையில் அட்டை இடித்தது. குனிந்து அதைப் பார்த்தார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் இப்ப பொறுப்புல இருக்கேன்."

கூட்டம் கை தட்டியது.

ஏழு மணிக்கு அவசரத் தீர்மானம் நிறைவேறியது. திரையரங்குக்கு வந்து படம் பார்க்கும் பழக்கம் மக்களிடையே அருகி வருவதை இக்குழு ஆழ்ந்த கவலையுடன் பதிவு செய்கிறது. தலைவர் அதை ஜானகியம்மாளிடம் படித்துக் காட்டினார்.

"எல்லாரும் இங்கதான் நிக்கறீங்க. அந்த மக்கள் யாருங்க சார்?" என்று கேட்டாள் அவள்.

"அதைத்தான் ஆராயணும்," என்றார் அவர்.

வெங்கடாசலம் வந்து சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"படம் எப்படிங்க? ஆபரேட்டர் இருக்கறப்பவே ஒரு தரம் பாத்துரலாம்னு இருக்கேன். ஒரு டிக்கெட் கிழிங்களேன்."

அவள் பதில் சொல்வதற்குள் நவநீதன் அட்டையுடன் வந்துவிட்டார். புளித் துறைக்கும் பிரதிநிதித்துவம் இல்லையாம்.

ஜானகியம்மாள், மாயவனுக்காகக் கிழித்த டிக்கெட்டைப் பசை தடவி ஒட்டி, கட்டின் மேலேயே வைத்து எண்ணினாள். மீதி, முன்னூற்றுப் பன்னிரண்டு.